தள்ளுபடி மாமா

மாமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நீதிமன்றத்தில், அதுவும் நீதிபதி இன்னும் எழுந்து போகாத நேரத்தில், கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டவாலி முறைத்தார். நான் மாமாவின் முழங்கையைக் கிள்ளினேன். கிள்ளிய எனக்கும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினோம்.

மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது. நீதிபதி படித்தது அவ்வளவுதான்.

மாமா முப்பது வருடமாக ஜவுளிக்கடை வாசலில் நின்று கூவுகிற வார்த்தை அது!

அவருடைய ஒரே மகளை, பேசிய கார் வரவில்லை என்று, கல்யாணமான பதினோராவது மாதம் சமையலறைக்குள் வைத்து எரித்தவன், பத்து வருடத் தண்டனையை ரத்து செய்யச் சொல்லிக் கேட்டிருந்தான். கிடைத்திருந்தால் இந்நேரம் வெளியே வந்திருப்பான்.

வாதம் முழுக்க அவன் வக்கீல் என்னைத்தான் கிழித்தார். சமையலறைக் கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் போட்டிருந்தது என்று சொன்ன ஒரே சாட்சி நான். அதைத் திறந்ததும் நான்தான். இந்தப் பெண் புளுகுகிறாள், இவள் பேச்சை நம்பி ஒரு இளைஞனின் வாழ்க்கையை அழிக்கலாமா என்று கேட்டார்.

அழிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஐயோ, எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாமா வராந்தாவிலேயே கடையைத் திறந்துவிட்டார். வாங்க வாங்க, தள்ளுபடி தள்ளுபடி என்று கையைத் தட்டினார். வாய்தாவுக்குக் காத்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத வக்கீல் ஒருவர் சிரித்துத் தொலைக்க, அவரைக் கட்டிக்கொண்டார். எவருடைய குடையையோ தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு படியிறங்கினார். மாமாவிடம் குடையே கிடையாது.

எதிர் டீக்கடையில் உட்கார்ந்த பிறகும் ஓயவில்லை. இந்த நாலு வருடத்தில் அவர் பல்லை நான் பார்த்ததே இல்லை. முன்பல் ஒன்று விழுந்திருப்பது இன்றுதான் தெரிந்தது.

"தள்ளுபடிதான், ஆனா பத்து வருஷத்துல ஒரு நாள்கூடக் குறைக்கலை பாத்தியாம்மா? இப்படி ஒரு தள்ளுபடிய நான் எந்தக் கடையிலயும் பாத்ததில்லை!"

கல்யாணம் பேசிய அன்று, மாப்பிள்ளை வீட்டார் கார் என்றதும், தொழில் பழக்கத்தில் மாமா வாய் தவறி, கொஞ்சம் தள்ளுபடி பண்ணக் கூடாதா சம்பந்தி என்று கேட்டுவிட்டார். அந்த நிமிஷம் விழுந்த பேர்தான் தள்ளுபடி மாமா. கூடமே கொல்லென்று சிரித்தது. மாமாவும் தலையைக் குனிந்துகொண்டு சேர்ந்து சிரித்தார்.

அப்புறம் மகள் வாழப்போன வீட்டில் அவருக்கு வேறு பேரே இல்லை. அவளை அதட்டும்போதும், போய் உன் தள்ளுபடி அப்பனைக் கேள் என்பார்கள். அவள் மட்டும் ஒருமுறைகூட அதற்குச் சிரித்ததில்லை.

மாமா மேஜையிலிருந்த சர்க்கரை டப்பாவைத் தன் பக்கம் இழுத்தார்.

"எனக்கு இந்தப் பேர வச்சது யாரு வாயோ தெரியல. அந்த வாய்க்குச் சர்க்கரை போடணும்!"

ஒரு கரண்டி நிறைய அள்ளினார். போட ஆள் தேடி இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே என் பக்கம் நீட்டினார்.

வேண்டாம் மாமா என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. திறந்தேன்.

என் அண்ணனுக்குக் கல்யாணம் பேசப் போன அன்று, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பேரை முதலில் சொன்ன வாய் இதுதான்.