நிறுத்தச் சொன்ன நிழல்

"ஒரு வேலையும் செய்யாம மெமரியைத் தின்னுட்டு உக்காந்திருக்கு. அந்த நிழலை நிறுத்திடும்மா" என்றார் மேலாளர் கோதண்டம். அந்த மெமரி இயக்குநர் அறையின் புதுத் திரைக்கு வேண்டுமாம்.

மருத்துவமனையின் ரத்த வங்கி ஒரு சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினியை நம்பியிருந்தது. அடுத்த சர்வரில் அதற்கொரு நிழல். மூலக் கணினி செய்வதையெல்லாம் நிழலும் அதே நொடியில் செய்யும். பதிலை மட்டும் வெளியே விடாமல் விழுங்கிவிடும். மூலம் செயலிழந்து விழுந்தால்தான் நிழலுக்கு வாய் திறக்கும். சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் ஜெசிந்தா இதை அவரிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள்.

"இதுவரைக்கும் எதும்மா விழுந்திருக்கு?" என்றார் அவர்.

அவள் விருட்டென்று எழுந்தாள். சர்வர் அறைக்குள் போய், மூலம் ஓடிய சர்வரின் மின்கம்பிகள் இரண்டையும் பிடுங்கினாள். கோதண்டம் பதறிப் பின்னாலேயே ஓடிவந்தார். கண்ணாடிக்கு அப்பால் ரத்த வங்கி கவுண்டரில் வரிசை நகர்ந்துகொண்டேயிருந்தது. ஒருத்தி ரத்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லிஃப்டை நோக்கி ஓடினாள்.

கம்பிகளைச் சுருட்டி அவர் மேசைமேல் வைத்தாள் ஜெசிந்தா.

"நீங்க நிறுத்தச் சொன்னதுதான் சார் இப்ப வேலை பாக்குது. நிறுத்திடட்டுமா?"