முழங்கை எங்கே போகுது?

"புருஷன் ஒரு பக்கம் விழுந்து கிடக்கிறான். இவளுக்கு இப்பத்தான் உடம்பை மெருகேத்த ஆசை வந்திருக்கு."

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாஸ்டரின் அக்கா முணுமுணுத்தாள். தம்பியைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவது என்ற முடிவோடுதான் வந்திருந்தாள்.

கூடத்தைப் பார்த்ததும் முடிவு இன்னும் உறுதியானது. சோபா இருந்த இடத்தில் கறுப்பு ரப்பர் விரிப்பு. அதன்மேல் ஒரு பெஞ்சு, சின்னதும் பெரியதுமாக டம்பெல்கள், இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைத்த இரும்புக் கம்பி ஸ்டாண்டு. சுவரில் ஆளுயரக் கண்ணாடி. புது ரப்பரின் வாடை சமையலறை வரைக்கும் வந்தது.

அத்தனைக்கும் நடுவில் தம்பியின் நாற்காலி.

"ஜன்னலோரம் காத்தாட உட்கார்ந்திருந்தவனை ஏம்மா இங்க இழுத்துப் போட்டே? உன்னை வேடிக்கை பார்க்கவா?"

"அங்க கண்ணாடி மாட்டிட்டேங்க்கா. வேற இடம் இல்ல," என்றாள் மாஸ்டரின் மனைவி.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாஸ்டர் வாழ்நாளெல்லாம் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சைக் கேட்காமல் போனதிலிருந்து, வாயையும் முக்கால்வாசி மூடிக்கொண்டார். கை கால்களைப் பழக்க வந்த பிசியோதெரபி பெண்ணை, வந்த வேகத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

"ஊருக்கே ஒன்னு ரெண்டு எண்ணினவன் நான். எனக்கு நீ எண்ணுறியா?"

அதற்கப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். இப்போதே பழக்காவிட்டால் அந்தக் கை கடைசிவரை அப்படியே நின்றுபோகலாம் என்று டாக்டர் எச்சரித்ததும் அவரை அசைக்கவில்லை.

மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். டம்பெல்லை எடுத்து, தண்ணீர் வாளியை வீசுவதுபோல் மேலே வீசினாள். பார்க்கச் சகிக்கவில்லை. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"முழங்கை."

கரகரத்த குரல். அக்கா சட்டென்று திரும்பினாள். பேசியது தம்பி.

"முழங்கை எங்கே போகுது? விலாவோட ஒட்டி வை."

ஒட்டினாள். முதுகு வளைந்தது. முதுகை நிமிர்த்தச் சொன்னார். நிமிர்ந்தாள்; முழங்கை மறுபடியும் ஊர்சுற்றக் கிளம்பியது.

"எத்தனை தடவை சொல்றது? கழுதைக்குக்கூட இந்நேரம் புரிஞ்சிருக்கும்."

"கழுதைக்கு யாராவது செஞ்சு காட்டியிருப்பாங்க."

மாஸ்டர் கோபமாக இடது கையை நீட்டினார். இருப்பதிலேயே சின்ன டம்பெல் அந்தக் கைக்கு வந்தது. செய்து காட்டினார். மனைவி தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"எனக்குத் தலைகீழா தெரியுதுங்க. நான் தூக்கறது வலது கையில."

மாஸ்டர் டம்பெல்லை வலது உள்ளங்கையில் வைத்தார்.

பிறகு, பிழிந்து போட்ட துண்டுபோல் மடியில் கிடந்த வலது கை அசைந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி டம்பெல்லைப் பிடித்தன. கை எழுந்தது, நடுங்கியது, நெஞ்சுக்குப் பாதி வழியில் நின்றது. முழங்கை மட்டும் விலாவை விட்டு நகரவேயில்லை.

"இப்படி," என்றார் மாஸ்டர்.

அக்கா ஓரடி கிட்டே வந்தாள். அந்தக் கை தொட்டிலிலிருந்து முதன்முதலாக எழுந்து தன் விரலைப் பிடித்ததைப் பார்த்தவள் அவள். இன்று இரண்டாம் தடவையாகப் பார்க்கிறாள்.

"புரியலை," என்றாள் மனைவி. "இன்னொரு தடவை."

பிற்பாடு சமையலறையில் அக்கா அவளைப் பிடித்துக்கொண்டாள். வேடிக்கை பார்த்த தனக்கே பாடம் புரிந்துவிட்டது, செய்கிறவளுக்குப் புரியவில்லையே என்று அங்கலாய்த்தாள்.

"ஏதோ அவன் நல்ல நேரம், உன் மண்டையில ஒன்னும் ஏறமாட்டேங்குது. கெட்டிக்காரியைக் கட்டியிருந்தா அந்தக் கை எழுந்தே இருக்காது."

மனைவி சிரித்துக்கொண்டே குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

போனவளைக் காணோம். தேடிக்கொண்டு அக்காவும் படியிறங்கினாள். பாதிப் படியில் அவள் கால் நின்றது.

கீழே, மாஸ்டர் திருப்பி அனுப்பிய பிசியோதெரபி பெண். மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு முட்டிகளும் ஒன்றோடொன்று இடிக்கக் கோணலாக உட்கார்ந்து எழுந்தாள். மாஸ்டரின் மனைவி அதைக் கவனமாகப் பார்த்து, அதே கோணலோடு உட்கார்ந்து எழுந்தாள்.

"இன்னும் கொஞ்சம் மோசமா," என்றாள் அந்தப் பெண். "ஆங், இது சரி. கை பாதி தூரம் வந்துடுச்சுன்னா முழங்கைத் தப்பு போதும். நாளையிலேருந்து இந்தத் தப்பைப் பண்ணுங்க. உட்கார்ந்த இடத்துலேருந்து அவரால இதைத் திருத்த முடியாது. எழுந்துதான் ஆகணும்."

"பிடிச்சு எழத் தோதா கம்பியை நாற்காலிக்கு நேரா இறக்கி வச்சிருக்கேம்மா."

"கம்பி மட்டும் பத்தாது. எழும்போது ரெண்டு பக்கமும் ஆள் நிக்கணும். நீங்க ஒரு பக்கம். இன்னொரு பக்கத்துக்கு யார் இருக்காங்க?"

மாஸ்டரின் மனைவி உதட்டைப் பிதுக்கினாள்.

அக்கா மிச்சப் படிகளையும் இறங்கி வந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எனக்கும் ஒரு தப்பு சொல்லிக் குடும்மா," என்றாள்.