அடங்காத ஏழாம் குப்பி

அந்த ஆய்வகத்தில் ஏழாம் எண் குப்பிக்கு 'அடங்காப்பிடாரி' என்று பெயர் வைத்தவர் பரிசோதகர்தான்.

உணவுக்குழாய்ப் புற்றுநோயை முளையிலேயே காட்டிக்கொடுக்கும் ஆர்.என்.ஏ. அடையாளத்தை அங்கே ரத்தத்தில் தேடினார்கள். நோயாளிகளின் ரத்தத்தில் அது தெரிய வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நலமானவர்களிடம் எடுத்துவைத்த ரத்தத்தில் தெரியக் கூடாது. ஏழாவது, நலமானவர் ரத்தம். ஆனாலும் ஆறு மாதமாக அதில் அடையாளம் தெரிந்துகொண்டேயிருந்தது.

"டெஸ்ட் கிட்டுதான் மேடம் கோளாறு," என்றார் பரிசோதகர்.

"மூணு கிட்டு மாத்தியாச்சு. நாலாவதும் கோளாறா? இன்னைக்கு நானே பக்கத்துல நிக்கிறேன், ஓட்டுங்க," என்றார் தலைமை மருத்துவர்.

கருவி ஓடிக்கொண்டிருக்கையில் பரிசோதகரின் மனைவி கைப்பேசியில் அழைத்தாள்.

"சாப்பிட்டாச்சாங்க?"

"ஆச்சு. நீ?"

"எங்க? ஒவ்வொரு வாயும் நெஞ்சுலயே நிக்குது. தண்ணி குடிச்சாத்தான் இறங்குது."

"ரயிலையா பிடிக்கப்போறே? மெதுவா மென்னு தின்னு," என்று சிரித்துவிட்டு வைத்தார்.

திரையில் ஏழாம் கோடு விறுவிறுவென்று மேலேறியது.

"கிட்டு நல்லாத்தான் இருக்கு." மருத்துவரின் குரல் தாழ்ந்தது. "ரத்தம் கொடுத்தவருக்குத்தான் நோய். உடனே வரச் சொல்லுங்க. யார் அது?"

பரிசோதகருக்குப் பதிவேட்டைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. ஓர் ஆள் குறைகிறதே என்று, "உனக்குத் தலைவலிகூட வந்ததில்லையே, கையை நீட்டு அடங்காப்பிடாரி" எனக் கேலி பேசி, வீட்டிலேயே அந்த ரத்தத்தை எடுத்தவர் அவர்தான். ஆறு மாதமாக அதன் முடிவை அடித்துவிட்டு, 'கிட் கோளாறு' என்று கையெழுத்திட்டவரும் அவர்தான்.