தோண்டப்போகும் இடம்

துணிப்பையின் ஓரத்தில் மண்வெட்டியின் நுனி எட்டிப் பார்த்ததை வேலப்பன் கவனித்துவிட்டான். விடுமுறையைக் கழிக்க இங்கே வருகிறவர்கள் பீர் கொண்டுவருவார்கள், பாட்டுப் பெட்டி கொண்டுவருவார்கள். மண்வெட்டியோடு யாரும் வந்ததில்லை.

எண்ணூர் முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம், அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்களைத் தாண்டி, கடலை ஒட்டி நிற்கிற பண்ணை வீடு அது. செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து வேலப்பன் அங்கே காவலுக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

"இன்னா தம்பி, அப்டியே ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு வரலாமா?" என்றார் யேசுதாஸ். காசிமேட்டிலிருந்து வந்திருந்தவர், அறுபதைத் தாண்டியவர். அவர் மனைவி வியாகுலம்மாள் ஒரு சின்னத் தகரப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"பெட்டிய ரூம்ல வெச்சிட்டு வாங்கம்மா. குடுங்க, நான் தூக்கறேன்."

"வாணாம்பா. எங்கூடவே இருக்கட்டும்."

"நகையா உள்ள?"

"என் நகைய சேட்டு பொண்டாட்டி மாட்டிகினு கீறா" என்றாள் அவள். சிரிக்கவில்லை.

வேலப்பன் முன்னால் நடந்தான். வருகிறவர்களுக்கு வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னான். "முன்ன இங்க ஒரு மீனவர் குப்பம் இருந்துச்சாம் ஐயா. கம்பெனிக்கு எடம் வேணும்னு கெளப்பிட்டு, வேற எடத்துல வீடு குடுத்துட்டாங்களாம்."

"அல்லாருக்குமா குடுத்தாங்க?"

"எல்லாருக்கும்னுதான் சொல்றாங்க."

யேசுதாஸ் கடல் பக்கம் திரும்பவே இல்லை. "இங்க கெணறு எதுனா கீதா?" என்று கேட்டார்.

"மூடிட்டாங்க. அதோ, விளக்குக் கம்பம் நட்டிருக்கே, அதுக்குக் கீழதான்."

அவர் கம்பத்தைப் பார்த்தார். பிறகு வேலியோரம் தலை முறிந்து நின்ற பனையைப் பார்த்தார். மறுபடி கம்பத்தைப் பார்த்தார்.

புல்வெளிக்குப் போகிற வழியில் கருங்கல் பலகைகள் பதித்திருந்தார்கள். வியாகுலம்மாள் செருப்பைக் கழற்றி ஒரு கையில் எடுத்துக்கொண்டாள். மறுகையின் ஒற்றை விரலில் பெட்டியைத் தொங்கவிட்டபடி, கல்லை மிதிக்காமல் ஓரமாக நெருஞ்சியில் நடந்தாள்.

"கல்லு மேலயே வாங்கம்மா. அங்க முள்ளு."

"குத்தினா குத்தட்டும்பா."

"புல்லுத் தரையெல்லாம் இன்னும் ரெண்டு நாள்தான் ஐயா. நீச்சல் குளம் வெட்ட ஜேசிபி வருது."

இருவரும் நின்றுவிட்டார்கள். "எதுலேந்து எதுவரிக்கும் தோண்டுவானுங்க?" யேசுதாஸின் குரல் மாறியிருந்தது.

"கம்பத்துலேர்ந்து அந்தப் பனை வரைக்கும்."

வியாகுலம்மாள் கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இன்னிக்கே முடிச்சிடணும்யா" என்று அவள் முணுமுணுத்தது வேலப்பன் காதில் விழுந்தது.

போன மாதம் பக்கத்துத் தோப்பில் தங்கியவர்கள் எதையோ புதைத்துவிட்டுப் போனார்கள். நாய் கிளறி வெளியே போட்டது. போலீஸ் இழுத்துக்கொண்டு போனது தோட்டக்காரனைத்தான். அவன் இன்னும் இடது கையால்தான் சாப்பிடுகிறான்.

"தம்பி, நல்ல மீனா பாத்து வாங்கினு வாயேன்" என்றார் யேசுதாஸ். "அவசரமில்ல நைனா. பொறுமையா வா."

"சரிங்க ஐயா" என்று வேலப்பன் சைக்கிளை எடுத்தான். சவுக்கு மரங்களுக்குப் பின்னால் அதைச் சாய்த்துவிட்டு, குனிந்தபடி திரும்பி வந்தான்.

உச்சி வெயிலில் யேசுதாஸ் தோண்டிக்கொண்டிருந்தார். முழங்கால் ஆழத்துக்குக் குழி இறங்கியிருந்தது. குழியின் விளிம்பில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த வியாகுலம்மாள், "மெல்லமா போடுய்யா, மெல்லமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"நிறுத்துங்க." வேலப்பன் ஓடி வந்து எதிரே நின்றான். "நீங்க புதைச்சிட்டுப் போயிடுவீங்க, நான் அடி வாங்கிச் சாகணுமா? பெட்டியத் தெறங்க. இல்லேன்னா போலீசக் கூப்பிடுவேன்."

அவன் போனை எடுத்து எண்ணை அழுத்தத் தொடங்கினான்.

யேசுதாஸ் குழியிலிருந்து ஏறினார். மண்வெட்டியை ஓங்கப்போகிறார் என்று வேலப்பன் பின்வாங்கினான். அவர் அவனைத் தாண்டிப் போய், நடைபாதைக் கல் ஒன்றின் இடுக்கில் அதைச் செருகி நெம்பினார்.

கல் புரண்டு விழுந்தது. அதன் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த ஈர மண்ணுக்குள் செதுக்கிய சிலுவை ஒன்று தெரிந்தது. அதன் கீழே தேய்ந்த எழுத்தில் யாருடைய பெயரோ இருந்தது.

வேலப்பன் தான் நின்றிருந்த கல்லைப் பார்த்தான். மெல்லக் காலை எடுத்து மணலில் வைத்தான்.

வியாகுலம்மாள் பெட்டியைத் திறந்து அவன் பக்கம் திருப்பினாள். மடித்த வெள்ளைத் துணி ஒன்றைத் தவிர அதில் எதுவுமில்லை.

"பொதைக்க வரலப்பா. எம் பொண்ணு ஜெஸ்லின இட்டுகினு போக வந்தோம்."