கழற்றிய கைப்பிடி

அண்ணன் இறந்த பிறகு, இரும்பைச் செதுக்க அவன் ஓட்டிய மில்லிங் மெஷினுக்குத் தங்கை மோட்டாரும் கம்ப்யூட்டரும் பொருத்தினாள். இரும்பு வைக்கும் மேசையை நகர்த்த அவன் கையால் சுற்றிய கைப்பிடிச் சக்கரத்துக்கு இனி என்ன வேலை என்று கழற்றியவள், தூக்கிப்போட மனம் வராமல் சுவரில் மாட்டினாள்.

முதல் ஓட்டத்திலேயே, இரும்பைப் பிடித்திருந்த கிளாம்ப்பைத் தள்ளிவைக்க மறந்துவிட்டாள். கட்டர் அதில் மோதப்போன நேரத்தில் மேசை நின்றது. பிறகு கைப்பிடியின் அரைச்சுற்று அளவுக்குப் பின்வாங்கியது. சந்தேகம் வந்தால் அண்ணன் அப்படித்தான் செய்வான்.

"பின்னாடி வரச்சொல்லி புரோகிராம்ல எழுதியிருந்தியா?" என்றார் கணவர்.

"இல்லங்க."

சுவரிலிருந்த சக்கரத்தைத் தொட்டாள். இப்போதுதான் யாரோ கையை எடுத்ததுபோல் கதகதப்பாக இருந்தது.

"நல்லவேளைண்ணே, நீ இருந்தே."

மறுநாள் சக்கரத்தின் பக்கத்தில் சுத்தமான துணி ஒன்றைத் தொங்கவிட்டாள். சாயங்காலம் அதில் கை துடைத்த எண்ணெய்க்கறை இருந்தது.

இப்போதெல்லாம் வீட்டுத் துணிகளோடு அதையும் துவைத்துப் போடுகிறாள்.