பெல்ட் கிளிப்

அந்தக் கார் உதிரிச்சாமான் கடைக்கு அவர் வாராவாரம் வருவார். சீட் பெல்ட் போடாமலே அதன் அலாரத்தை அடக்கும் போலிக் கிளிப் எத்தனை இருந்தாலும் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போவார்.

அன்று கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், உங்ககிட்ட எத்தனை கார் இருக்கு?"

"இப்ப ஒண்ணுமில்ல."

"அப்ப வெளியில விக்கிறீங்களா? சொல்லுங்க, கோச்சுக்க மாட்டேன்."

"விக்கல. வீட்டுக்குக் கொண்டுபோய் ஒவ்வொண்ணா சுத்தியலால உடைக்கிறேன்."

கடைக்காரர் சிரித்தார். வந்தவர் சிரிக்கவில்லை.

"முதல் தடவை ஒண்ணே ஒண்ணுதான் வாங்கினேன். என் மனைவிக்கு அப்ப ஏழு மாசம். பெல்ட் வயித்தை அழுத்துதுன்னு சொன்னா. வயித்துக்குக் கீழே, இடுப்போட சேர்த்துப் போடணும்னு எடுத்துச் சொல்ல எனக்குப் பொறுமையில்ல. அவ சீட்ல கிளிப்பை நானே சொருகிவிட்டேன். அன்னிக்கே லாரி மோதிடுச்சு. நான் மட்டும் பெல்ட் போட்டிருந்தேன்."

கடைக்காரர் உள்ளே போய், மிச்சமிருந்த பெட்டியையும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார்.

"காசு வேணாம் சார். இனிமே இதை நான் வாங்கி வைக்கவே மாட்டேன்."

வந்தவர் கடைக்காரரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. அப்புறம் நான் எதை உடைப்பேன்?"