செவ்வாய்க்கிழமைச் சிப்பாய்

கிட்ட வந்து இருங்கள், என் குஞ்சுகளே. ஒரு கதவின் கதை சொல்கிறேன். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அவள் தட்டினாள்.

கதவு திறக்கவில்லை.

முழங்காலளவு தண்ணீர். வாசற்படிகள் மூன்றும் மூழ்கிவிட்டன. முதுகுக்குப் பின்னால் படகின் எஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது. மணிக்கு ஒரு சாண் ஏறுகிறது ஆறு என்று காலையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மறுபடி தட்டினாள்.

உள்ளே யாரோ வானொலியை நிறுத்தினார்கள்.

படகை ஓட்டி வந்த கார்ப்பரல் டொனெலி பட்டியலை அவளிடம்தான் நீட்டியிருந்தான். தவமலர் சிவபாதம், வயது அறுபத்து நான்கு, தனியாக இருக்கிறார். மகன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனவன், பாலம் முங்கித் திரும்பமுடியாமல் தொலைபேசியில் அழுதிருக்கிறான். பச்சைச் சீருடைக்காரரோடு இரண்டு படகுகள் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. இது உன் ஆட்களின் பெயர்தானே என்று டொனெலி கேட்டான்.

ஆமென்றாள்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. பிறந்தது சிட்னி. பேக்கரி ஒன்றில் வேலை. செவ்வாய்க்கிழமை மாலைகளில் மட்டும் சீருடை. ரிசர்வ் படை என்று அதற்குப் பெயர். கூப்பிட்டால் போகவேண்டும், கூப்பிடாத நாளெல்லாம் வீடு.

முழுநேரப் படைக்கே தேறியிருந்தாள். கையெழுத்து மேசையில் பேனா நின்றுவிட்டது.

ஆமி, அதாவது இராணுவம், என்ற சொல்லைப் போருக்குத் தப்பி வந்த அவள் வீட்டில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. அதனால் முதலில் ரிசர்வ், ஒரு வருசம் பார்க்கிறேன் என்றாள். அப்பா எழுந்து போய்க் கார் கழுவினார். முந்தின நாள்தான் கழுவிய கார்.

அந்த ஒரு வருசம் வருகிற வெள்ளியோடு முடிகிறது. முழுநேரத்துக்கு மாறுவதற்கான படிவம் அவள் பைக்குள் எழுதப்படாமல் கிடந்தது.

"அன்ரி," என்றாள் கதவோடு வாயை வைத்து. "கதவைத் திறவுங்கோ. தண்ணி ஏறுது."

உள்ளே தண்ணீர் அளைகிற சத்தம்.

பிறகு தாழ்ப்பாள் அசைந்தது.

கதவு பாதி திறந்தது. விளக்கில்லை. அந்த அம்மா தண்ணீருக்குள் நேராக நின்றாள். பார்வை இடுப்புப் பட்டியில் தொடங்கி, சட்டைப் பொத்தான் பொத்தானாக ஏறி, தொப்பியில் முட்டி நின்றது. முகத்துக்கு வரவேயில்லை.

வலக்கை நெஞ்சு உயரத்தில் நீண்டிருந்தது. அதில் மூன்று அடையாள அட்டைகள். தன்னுடையது. மகனுடைய பழையது. செத்துப்போன கணவனுடையது.

இடக்கை விரிந்திருந்தது, அதில் ஒன்றுமில்லை என்று காட்ட.

வீட்டில் எத்தனை பேர் என்று ஆமி கேட்கமுன்னம் காட்டிவிட வேண்டும். வேறொரு நாட்டில், வேறொரு வாசலில் படித்த முறை. முப்பது வருசமாகியும் கைக்கு மறக்கவில்லை.

சிப்பாய்ப் பெண் அந்த நீட்டிய கையைப் பார்த்தாள்.

தன் உடம்பில் கிடக்கிற ஒரு சட்டைக்கு இவ்வளவு வலு உண்டென்று எந்தச் செவ்வாய்க்கிழமையும் அவளுக்குச் சொன்னதில்லை.

வாங்கக்கூடாது என்று கை பின்னால் போனது. வாங்காவிட்டால் அந்த அம்மாவின் கை இறங்காது என்றும் தெரிந்தது.

இரண்டு கையாலும் வாங்கினாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கணவனுடையதைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள். இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு தன் சட்டைப் பையைத் திறந்து, தன்னுடைய அட்டையை எடுத்து, அந்த அம்மாவின் வெறுங்கையில் வைத்தாள்.

"நீங்களும் பாருங்கோ."

தவமலர் நெற்றிக்கு மேலே கிடந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள். படத்தைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். மறுபடி படத்தை. அப்பாவின் பெயர்வரை எழுத்தெழுத்தாக வாசித்தாள். டொனெலி மணிக்கூட்டைப் பார்த்தான். தண்ணீர் முழங்காலைத் தாண்டியது.

"யோகநாதன் எந்த இடம்?"

"அச்சுவேலி, அன்ரி."

"அச்சுவேலியில எவடம்?"

அது அவளுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட என்று அப்பா சொல்லுவார் என்றாள். அங்கே எல்லா வீடும் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கிட்டத்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே அந்த அம்மா வாசலைத் தாண்டி வந்தாள்.

தூக்கிப் படகில் இருத்தினார்கள். பறவைப் பாரம்தான்.

வழியில் விசாரணை தொடர்ந்தது. இதுதான் வேலையோ என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும், மற்ற நாளில் பேக்கரியில் பாண் சுடுகிறேன் என்றாள் இவள். கடவுளே, இப்படியும் ஒரு ஆமியோ என்று தவமலர் சிரித்தாள். சிரிப்பு நிற்க நேரமெடுத்தது. நின்றபோது கண் ஈரமாயிருந்தது.

தெருமுனையில் இன்னொரு வீடு. இவள் இறங்கி, தண்ணீரை அளைந்து போய், தட்டினாள். திறந்தவர்கள் கதவை அகல விட்டுவிட்டு, கைக்குழந்தையை அப்படியே இவளிடம் நீட்டினார்கள். பச்சைச் சட்டையின் தோளில் குழந்தை முகத்தைப் புதைத்துக்கொண்டது.

தவமலர் படகிலிருந்து அதைப் பார்த்தாள். வாயை மூடாமல் பார்த்தாள். இப்படியும் ஒரு கதவு திறக்குமா என்று ஒருதரம் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

இவள் குழந்தையோடும் வீட்டாரோடும் வந்து பக்கத்தில் இருந்ததும், அந்த அம்மா மெல்லச் சொன்னாள்.

"செவ்வாய்க்கிழமை மட்டும் போதாது, பிள்ளை."

என்ன சொல்கிறார் என்று டொனெலி கேட்டான்.

இவள் குழந்தையின் ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பைக்குள் அந்தப் படிவம் கிடந்தது. அன்றைக்குப் புதன், வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள்.

அவ்வளவுதான், என் செல்லங்களே. உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிற கை எதுவானாலும், திறந்தவர் முகம் கறுக்காமல் இருக்கட்டும். உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் எண்ணிக்கை குறையாமல் சாப்பிட உட்காரட்டும்.